மூன்றாவது மூடி

அந்த மருந்துக் கம்பெனியில் மூவாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். மருந்து கண்டுபிடிக்க ஒரு கட்டடம், அதை பாட்டிலில் அடைக்க ஒரு கட்டடம். ஆனால் பாட்டிலுக்கு மூடி வடிவமைக்க அவள் ஒருத்திதான். கேன்டீனில்கூட அவளுக்கு ‘மூடியம்மா’ என்றே பெயர்.

மருந்து பாட்டில் மூடி குழந்தை கைக்கு மசியக் கூடாது. வயதானவர் கைக்கு மசிய வேண்டும். அவள் செய்த முதல் மூடியை ஒரு வாண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்துவிட்டது. இரண்டாவது எந்தக் குழந்தைக்கும் அசையவில்லை, பெரியவர்களுக்கும் அசையவில்லை. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு மூன்றாவதைச் செய்திருந்தாள். அதற்கு இன்று சோதனை.

பயிற்சி அறையில் பாய் விரித்து, முப்பது குழந்தைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு காலி பாட்டில், அதில் புது மூடி. மூடி செய்தவள் அறைக்குள் இருக்கக் கூடாது என்பது விதி. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், லேபிள் பிரிவுத் தோழியின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

ஒருவன் பாட்டிலைத் தரையில் உருட்டினான். ஒருத்தி அதைத் தட்டிக்கொடுத்து, “செல்லம்ல, திறந்துக்கோ” என்று கெஞ்சினாள். ஐந்து நிமிடம் ஆனதும், விதிப்படி, சோதனை அதிகாரி எப்படித் திறப்பதென்று ஒருமுறை திறந்து காட்டினார். சிரித்தே யாரும் பார்த்திராத மனிதர்.

“இப்ப பல்லால கடிச்சும் திறக்கலாம், கண்ணுங்களா.”

“பல்லு வேறயா?” என்றாள் தோழி.

“விதியே அப்படித்தான்டி.”

முன்பல் விழுந்த ஒரு பயல் கடைவாயில் மூடியைக் கவ்வித் திருகினான். மூடி நகர்ந்தது. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். ஆனால் மூடி ‘டிக் டிக்’ என்று சும்மா சுற்றியதே தவிரத் திறக்கவில்லை. பயலுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவனைப் பார்த்து மற்றவர்களும் சுற்ற, அறை முழுக்க ஒரே டிக் டிக். முப்பதில் இரண்டு பேர்தான் திறந்தார்கள். அவ்வளவை விதி மன்னிக்கும்.

மதியம் பெரியவர்களின் முறை. வரிசையாகத் திறந்துகொண்டே வந்தார்கள். கடைசியாக, ஓய்வுபெற்ற தையல்கார அம்மா. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. கண்ணாடியை மாட்டி, மூடிமேல் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்தார். உள்ளங்கையால் அழுத்தித் திருப்பினார். திறந்துகொண்டது.

“இவ்வளவுதானா? இதுக்கா வரச் சொன்னீங்க?”

“இவ்வளவுதாம்மா,” என்றார் அதிகாரி.

“வீட்ல என் மாத்திரை பாட்டில பக்கத்து வீட்டுக்காரர்தான் திறந்து குடுக்கறாரு. அவர் ஊருக்குப் போனா நான் பாட்டிலப் பாத்துட்டு உக்காந்திருக்கணும். இது எப்ப கடைக்கு வரும்?”

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் மூடியம்மாவுக்குக் கண் கலங்கி, அதோடு சிரிப்பும் வந்தது. அதிகாரி முடிவுத் தாளைக் கண்ணாடியில் ஒட்டவைத்தாற்போல் உயர்த்திக் காட்டினார். அவர் முகத்திலும் பல் தெரிந்தது. தோழி அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றி இறக்கினாள்.

மூச்சு வாங்கியபடியே கணவனுக்கு போன் போட்டாள்.

“என்னங்க, பாஸாயிடுச்சு.”

“மூடியா, நீயா?”

“ரெண்டு பேரும்தான்.”