மூன்றாம் பாகத்தில் பயம் இல்லை

அதே படங்கள், அதே வசனம், அதே மை. ஆனால் பயத்தை மட்டும் காணோம்.

மாதிரிப் பிரதியை மேசையில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் பக்க வடிவமைப்பாளர். அளவுகோலைக் கையில் எடுக்காமல் எந்த வேலையையும் தொடங்கமாட்டாள் என்பதால் பதிப்பகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்றே பெயர். அந்த அளவுகோல் இப்போது எதற்கும் உதவாமல் பேனா டப்பாவில் நின்றுகொண்டிருந்தது. பயத்தை அளக்க அதில் கோடு கிடையாது.

‘கரிக்கோட்டை’ ஒரு வீடியோ கேம். செத்த பிறகும் படுக்காத ஒரு ராஜா, அவனுடைய கோட்டை, அது நிறையப் பூட்டிய கதவுகள். ஆடுகிறவர்தான் சாவிக்காரன். ஒரு கதவைத் திறந்தால் அவனுடைய நினைவில் ஒன்று கழன்றுவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வரும்போது, எதற்காகத் திறந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். கேம் ஓகோவென்று ஓடிய காலத்தில் அதை வைத்து நான்கு படக்கதைப் புத்தகங்கள் வந்தன. அவற்றைச் சேர்த்து ஒரே தொகுப்பாக, தலையணை கனத்தில், இப்போது கொண்டுவருகிறார்கள்.

மாதிரிப் பிரதியைப் படித்துவிட்டு கேம் கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. மற்ற மூன்று பாகங்களும் அருமை. மூன்றாவது பாகம் சப்பென்று இருக்கிறது. அதில் வருகிற, கோட்டைக்கு அடியிலுள்ள சிறைக்கூடம் தனிக் கிளைக்கதைதானே, அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும், எடுத்துவிடலாமா?

மற்ற மூன்றையும் வரைந்தவர் பேர்பெற்ற ஓவியர். இடையில் அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது மூன்றாவதை வரைந்தது ஸ்கேலின் அண்ணன். அவன் வரைந்த ஒரே புத்தகம் அது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, சலித்து, சமையலறை அலமாரி செய்து கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்துவிட்டான். இப்போது கணினியில் இழுப்பறைகள் வரைகிறான். பழைய புத்தகங்கள் எந்தக் கடையிலும் கிடையாது. தொகுப்பில் இடம் போனால், அவன் ஓவியன் என்பதற்கே சாட்சி இல்லாமல் போகும்.

“எடுக்க வேண்டாங்கறதை அண்ணன்னு சொல்றியா, புத்தகத்துக்காகச் சொல்றியா?” என்று கேட்டார் பதிப்பகத்தின் ஆசிரியர். கண்ணாடியைக் கழற்றி மூக்குத் தண்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். அவரும் ஓய்ந்துபோய்த்தான் இருந்தார்.

“ரெண்டுக்கும்தான் சார். பழைய புத்தகத்தைப் படிச்சப்போ நீங்களே பயந்தீங்களா இல்லையா?”

“பயந்தேன். அதை இல்லைங்கல. இதுல பயம் வரலையேம்மா. வயசாயிடுச்சோ என்னமோ.”

“கேம் கம்பெனிக்காரங்க எல்லாருக்குமா வயசாயிடுச்சு?”

“திங்கக்கிழமை அவங்களுக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள என்னன்னு கண்டுபிடி. இல்லேன்னா எடுத்துரலாம். உன் மனசு கஷ்டப்படும்னு தெரியும். என்ன பண்றது.”

அவள் செய்யாத சோதனை இல்லை. பழைய பக்கத்தையும் புதிய பக்கத்தையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டாள். ஒரு முடிகூட மாறவில்லை. கறுப்பு வெளுத்திருக்குமோ என்று, மையின் அடர்த்தியை அளக்கும் கருவியை அச்சகத்திலிருந்து வாங்கி வந்து வைத்துப் பார்த்தாள். பழையதைவிடப் புதியதில் கறுப்பு ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது. தாள் வழுவழுப்பும் அதேதான். வசனத்தில் ஒரு புள்ளி விடுபடவில்லை. வைத்தியர் எல்லாப் பரிசோதனையும் செய்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்கிறார். படுத்திருப்பவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதையாக இருந்தது.

விடுமுறை நாளன்று மாதிரிப் பிரதியையும் பழைய மூன்றாம் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தாள். மாடிப்படி ஏறும்போதும் ஒன்றும் தோன்றவில்லை. கால்தான் வலித்தது.

அண்ணன் சோபாவில் நீளமாகக் கிடந்தான். கம்பெனி சொன்னதைச் சொன்னாள். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை.

“எடுத்துடச் சொல்லு. எனக்கொண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாதவன் ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கற?”

“வெளிச்சம் கண்ணுல படுது.”

“ஒரு தடவை பாரேன். எங்க கோளாறுன்னு எனக்குப் பிடிபடல.”

“நாள் முழுக்க இழுப்பறைக்குக் கைப்பிடி எந்தப் பக்கம்னு பாத்துட்டு வர்றேன். இதையும் என்னைப் பாக்கச் சொல்லாதம்மா.”

அண்ணிதான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினாள். அண்ணி சரியான பயந்தாங்கொள்ளி. குளியலறைக்குப் போனாலும் கூடத்து விளக்கை எரியவிட்டுவிட்டுத்தான் போவாள். அண்ணன் அந்தப் புத்தகத்தை வரைந்த காலத்தில், அவன் மேசை இருந்த அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டுதான் தேநீர் கொண்டுபோய் வைப்பாளாம்.

“உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேண்டாத வேலை? ராத்திரி அண்ணனைத் தூங்க விடமாட்டீங்க.”

“இல்ல, இது தேவலையே” என்றாள் அண்ணி. வலது உள்ளங்கையால் வலதுபக்கத்தை மூடிக்கொண்டு இடதுபக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பழைய புத்தகத்துல சொல்லாம கொள்ளாம வந்து முன்னாடி நிக்கும். நெஞ்சு அடைச்சுக்கும். இதுல மரியாதையா பக்கத்துலயே நிக்குது. ஓரக்கண்ணால பாத்துட்டுக் கையை வெச்சு மூடிக்கலாம்.”

ஸ்கேல் நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கையை எடுங்க அண்ணி.”

இடதுபக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு. சாவி திரும்பியிருக்கிறது. வலதுபக்கம் முழுவதும், கதவுக்குப் பின்னால் இருந்த அது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பூட்டு. புத்தகத்தை விரித்தால் எதிரெதிர்ப் பக்கங்களாக, இரண்டும் ஒரே விரிப்பில், ஒரே நேரத்தில், கண்ணெதிரே. கதவைப் படிப்பதற்கு முன்பே கண் தாவி உள்ளே போய்விடுகிறது.

பழைய புத்தகத்தை எடுத்து அதே இடத்தைத் தேடினாள். அதில் கதவு வலதுபக்கத்தின் கடைசியில் இருந்தது. அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டுமானால் தாளைத் திருப்பியாக வேண்டும்.

“அண்ணா, கதவையெல்லாம் வேணும்னேதான் வலதுபக்கக் கடைசியில வெச்சியா?”

சோபாவில் அண்ணன் மல்லாந்து படுத்தான்.

“கேம்ல கதவைத் திறக்கறது யாரு?” என்றான் கூரையைப் பார்த்தபடி. “ஆடறவன். அவன் விரல்தான் பட்டனை அமுக்குது. உள்ள இருந்து எது வந்தாலும் அது அவன் செஞ்ச வேலை. அதான் பயம். புத்தகத்துல பட்டனுக்கு எங்க போறது? படிக்கிறவன் கையில இருக்கறது தாளைத் திருப்பற வேலை ஒண்ணுதான். அதனால ஒவ்வொரு கதவையும் திருப்பற எடத்துல வெச்சேன். அவன் திருப்பினா அவனே திறந்த மாதிரி.”

“இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“யாரு கேட்டா?”

உண்மைதான், யாரும் கேட்கவில்லை. ஸ்கேலும் கேட்கவில்லை. அவள் ஒப்பிட்டதெல்லாம் திரையில், ஒவ்வொரு பக்கமாக. ஒற்றைப் பக்கத்துக்கு இடது ஏது, வலது ஏது? மற்ற பாகங்களில் இரண்டு பக்கத்துக்கும் பரந்து கிடக்கும் பெரிய படங்கள் உண்டு. ஒரு பக்கம் தள்ளிப்போனால் ராஜாவின் தலை ஒரு விரிப்பிலும் உடம்பு அடுத்த விரிப்பிலும் கிடக்கும், குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். சிறைக்கூடம் குறுகலானது என்று அண்ணன் தன் பாகத்தில் அப்படி ஒரு படமும் வரையவில்லை. அதனால் எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்தும் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

சரி, எப்படி நகர்ந்தது? பழைய புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினாள். வலதுபக்கம் தலைப்பு. அதன் பின்புறம், இடதுபக்கம், உழைத்தவர்களின் பெயர்கள். அடுத்த வலதுபக்கத்தில், இந்த ஒரு பாகத்தில் மட்டும், ஒரு பரிசுக் குறியீடு. அதைக் கேமில் தட்டினால் சாவிக்காரனுக்கு ஒரு லாந்தர் கிடைக்கும். அதன் பின்புறம், இடதுபக்கத்தில், கதை தொடங்குகிறது.

லாந்தர் கொடுப்பதைக் கேம் கம்பெனி எப்போதோ நிறுத்திவிட்டது. தொகுப்பில் அந்தப் பக்கம் வேண்டாம் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். ஸ்கேல் அதை எடுத்தாள். ஒரு தட்டு, போயிற்று. கதை ஒரு பக்கம் முன்னால் நகர்ந்து வலதுபக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதோடு கதவுகளெல்லாம் இடதுபக்கத்துக்குப் போய்விட்டன.

“என்னடி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?” என்றாள் அண்ணி.

“ஒண்ணுமில்ல அண்ணி. நான் நாளைக்கே ஆபீஸ் போகணும்.”

“சாப்பிட்டுப் போ” என்றான் அண்ணன். எழுந்து உட்கார்ந்திருந்தான். பழைய புத்தகம் அவன் மடியில் இருந்தது, மூடியபடி.

மறுநாள் ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தபோது இன்னொரு சிக்கல் எதிரில் நின்றது. புத்தகம் பதினாறு பதினாறு பக்கமாகப் பெரிய தாள்களில் அச்சாகி, மடித்து, தைக்கப்படுவது. தொகுப்பு அந்தக் கணக்கில் கச்சிதமாக முடிந்திருந்தது. கதைக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்தால் கடைசியில் ஒரு பக்கம் வெளியே நிற்கும். அந்த ஒன்றுக்காக இன்னொரு முழுத் தாள் வேண்டும். நான்காம் பாகமும் ஒரு பக்கம் தள்ளிப்போய், ராஜாவின் தலை துண்டாகிவிடும். ஒரு பாகத்தைக் காப்பாற்றி இன்னொன்றைக் கெடுத்ததாக ஆகும். கண் எரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மூன்றாம் பாகத்தின் முடிவை, இந்த முறை இரண்டிரண்டு பக்கமாக, திரையில் விரித்தாள். அங்கே கடைசியில் இருந்ததைப் பார்த்ததும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு அலுவலக அச்சுப்பொறியை இயக்கினாள்.

திங்கட்கிழமை காலை, தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்துத் தைத்த மூன்றாம் பாகத்தை ஆசிரியர் முன் வைத்தாள்.

“இதை எத்தனை தடவைம்மா படிக்கறது” என்றபடி புரட்டினார். சிறைக்கூடத்தின் முதல் கதவுக்கு வந்தார். தாளின் மூலையைப் பிடித்தார். திருப்பவில்லை. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பிறகு திருப்பினார், திருப்பிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

கடைசிப் பக்கம்வரை ஒவ்வொரு கதவிலும் நின்று நின்றுதான் போனார். முடித்ததும் மூடி, கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“கம்பெனிக்கு இதையே அனுப்பிடு. உங்கண்ணன் பேரு அட்டையில இருக்கட்டும். படத்தை மாத்தினியா?”

“இல்ல சார். கதையைப் பழைய புத்தகத்துல இருந்த மாதிரி ஒரு பக்கம் தள்ளினேன். கதவெல்லாம் மறுபடி தாளைத் திருப்பற எடத்துக்கு வந்துடுச்சு.”

“பக்கம் கூடியிருக்குமே? அச்சகத்துல என்னைத் திட்டுவாங்க.”

“ஒரு பக்கம்கூடக் கூடல சார். ஒவ்வொரு பாகமும் வலதுபக்கத்துலதான் தொடங்கணும்னு மென்பொருளுக்குச் சொல்லி வெச்சிருந்தோம். நான் குறியீட்டுப் பக்கத்தை எடுத்ததும், நாலாம் பாகம் வலதுபக்கத்துலயே வரட்டும்னு அது மூணாம் பாகத்துக் கடைசியில தானா ஒரு வெத்துப் பக்கத்தைச் சேர்த்திருக்கு. அந்த வெத்துப் பக்கத்தைக் கடைசியில இருந்து எடுத்து, கதை தொடங்கறதுக்கு முன்னாடி வெச்சுட்டேன்.”