இளவரசன் முப்பத்தொரு முறை அழுதான்

கடைசிப் பகுதி முடிந்ததும் கவுன்டர் பெண் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லென்ஸ் அக்கா சாப்பாட்டு டப்பாவை அடித்து மூடினாள். மூடிய வேகத்தில் கரண்டி கீழே விழுந்து ஸ்டூலுக்கடியில் ஓடியது.

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை அது. ஒரு மூலையில் லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் இயந்திரம், சுவரோரம் கை ஒடிந்த பிரேம்கள் கிடக்கும் இழுப்பறைகள், நடுவே இரண்டு ஸ்டூல். பதினான்கு வருடமாக அங்கே லென்ஸ் பொருத்துகிறவள் என்பதால் அவளை எல்லோரும் லென்ஸ் அக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது முப்பத்தொன்பது. மதியம் கடையை அரை மணி நேரம் சாத்துவார்கள். அந்த நேரத்தில் கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, இருவரும் அந்தக் கொரியத் தொடரைத் துண்டு துண்டாகப் பார்த்து முடிக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கதை இதுதான். பழைய காலத்து அரண்மனை, அதன் பின்கட்டில் ஒரு கிணறு. அந்தக் கிணற்றைக் காக்கும் தேவதை, மனுஷ உருவெடுத்துப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். இளவரசனுக்கு அடிக்கடி ஆபத்து வரும். ஒரு நாள் வாள்வெட்டு, ஒரு நாள் விஷம், ஒரு நாள் சித்தப்பன் ஏவிய பேய். ஒவ்வொரு முறையும் அவள் கிணற்று நீரை இறைத்துக் கொடுத்து அவனைப் பிழைக்க வைப்பாள். ஒரு குவளை நீருக்கு அவள் ஆயுளில் ஒரு வருடம் போகும். ஆறாவது பகுதியிலேயே இது இளவரசனுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அழுவான். அழுதுவிட்டுக் குடிப்பான்.

என்ன ஒரு காதல் என்று கவுன்டர் பெண் உருகினாள். இந்த மாதிரிக் கதையை எழுதினவனைக் கிணற்றில் தள்ள வேண்டும் என்றாள் லென்ஸ் அக்கா. இருவருக்கும் வாக்குவாதம் முற்றுவதற்குள் முதலாளி ஷட்டரை இறக்க வந்துவிட்டார். சனிக்கிழமை, அரைநாள்தான் கடை. "என்ன கோபம்னு வாய்ஸ்ல போடுங்கக்கா. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுக் கவுன்டர் பெண் பேருந்து பிடிக்க ஓடினாள்.

லென்ஸ் அக்கா வீடு வரை நடந்தாள். நடந்துகொண்டே கைபேசியை வாயருகே பிடித்துப் பேசினாள். ஒன்பது நிமிடம் பேசினாள்.

"அவன் கெட்டவனா இருந்திருந்தா எனக்குக் கோபமே வந்திருக்காது. கெட்டவனைத் திட்டிட்டுப் போயிடலாம். இவன் நல்லவன். அதான் வயிறு எரியுது. முப்பத்தொரு தடவை அழுறான், நான் எண்ணினேன். அவ அங்க நரைச்சுப் போய்ப் படுத்திருக்கா, அவதான் எழுந்து வந்து இவன் கண்ணைத் துடைக்கிறா. யார் யாரைத் தேத்துறது? கடலைப் பார்க்கணும்னு ஒரே ஒரு நாள் கேட்டா. உடனே இவன் அவ மடியில விழுந்து, நீ இல்லாம ஒரு நாள் எப்படின்னு ஒரு அழுகை. கட்டின மூட்டையை அவளே அவிழ்த்து வெச்சுட்டா. கடைசியில அவ தண்ணியாக் கரையுறதைக் கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள டைரக்டர் காட்டி முடிச்சுட்டான். இவன் மழையில நிக்கிறது மட்டும் நாலு நிமிஷம். கேமரா இவனையே சுத்திச் சுத்தி வருது, என்னமோ செத்தவன் இவன் மாதிரி."

இதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. தெரு முனை திரும்பும்போது அவள் குரல் தணிந்தது. "எங்க அண்ணன் மாதிரியே" என்று தொடர்ந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பகலில் ஓர் ஆயா வந்து பார்த்துக்கொள்வாள். காலையும் மாலையும் ஞாயிறும் லென்ஸ் அக்காவின் பொறுப்பு. குளிப்பாட்டுவது, கையை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுப்பது, மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது, புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். அண்ணன் பன்னிரண்டு மணி நேர ரயில் பயணத் தொலைவில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார்கள். அவள் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவி, ரயிலேற்றி அனுப்புவாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வாய்ப்பு வந்தது. வேறொரு ஊர்க் கண் மருத்துவமனையில், கண்ணிலேயே அணியும் கான்டாக்ட் லென்ஸைப் பொருத்துவதற்கு எட்டு மாதப் பயிற்சி. போய்வந்தால் கடையில் தனிப் பிரிவே அவள் கையில் தருவதாக முதலாளி சொன்னார். அந்த எட்டு மாதம் அப்பாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அண்ணனிடம் கேட்டாள். அப்பா இந்த நிலையில் இருக்கும்போது உன்னால் எப்படிக் கேட்க முடிகிறது பாப்பா என்று அவன் தொலைபேசியில் விம்மினான். அவள் அவனைச் சமாதானப்படுத்திவிட்டு, மறுநாள் முதலாளியிடம், பயிற்சிக்குப் போகவில்லை என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லி, அனுப்பும் அம்புக்குறியைத் தட்டியபோது வீட்டு வாசல் வந்திருந்தது.

கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. கவுன்டர் பெண்ணிடமிருந்து அல்ல, சித்தியிடமிருந்து. அந்த நாடகம் எந்தச் சேனலில் வருகிறது, தமிழில் பேசுவார்களா என்று கேட்டிருந்தாள். லென்ஸ் அக்கா மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். அவள் பேசியது மொத்தமும் 'நம்ம குடும்பம்' குழுவுக்குப் போயிருந்தது. மாமா, சித்தி, அண்ணி, அண்ணன் என்று பதினோரு பேர். அதற்குள் ஒன்பது பேர் கேட்டாகிவிட்டது.

என்னதான் பேசித் தொலைத்தோம் என்று பதற்றத்தில் அடுக்களையில் நின்று அதை முழுக்கப் போட்டுக் கேட்டாள். கேட்டு முடித்துத் திரும்பினால், கூடத்துக் கட்டிலில் அப்பா கண் விழித்துப் படுத்திருந்தார். காதில் விழாமல் இருந்திருக்க வழியில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உன்னைச் சொல்லலப்பா" என்றாள்.

அப்பாவுக்கு ஒரு சொல் வெளியே வரவே நேரம் பிடிக்கும். வாய் கோணி, உதடு திரண்டு, கடைசியில் வந்தது. "தெ...ரியும்."

மாமா கூப்பிட்டார். வீட்டு விஷயத்தை இப்படியா சந்தியில் இழுத்து விடுவது என்று கத்தினார். சந்தியில் இல்லை, நம்ம குரூப்பில்தான் என்றாள் அவள். உடனே அழித்துவிட்டு மன்னிப்புக் கேள் என்றார். அவளும் 'தவறுதலாக அனுப்பிவிட்டேன், மன்னிக்கவும்' என்று அடித்தாள். அனுப்பும் முன் ஒரு நொடி யோசித்தாள். போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. சொன்னதில் ஒரு வார்த்தையும் தவறில்லை. அடித்ததை அழித்தாள்.

அண்ணி மாலையில் பேசினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தாள். அண்ணி குரலைத் தாழ்த்திப் பேசினாள். "ரெண்டு தடவை கேட்டேன். இங்கயும் அதேதான். எனக்கு ஆபரேஷன் ஆனப்போ இவர் அழுத அழுகையில, நர்ஸ் இவருக்குத்தான் தண்ணி கொடுத்தாங்க. அவர் ரயில் ஏறிட்டார், காலையில வருவார். விட்டுக் கொடுத்துடாத."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தான். பையைக் கூடக் கீழே வைக்காமல் கூடத்தின் நடுவில் நின்றான். முகம் வீங்கியிருந்தது. "பாப்பா, என்னைப் பத்தியா நீ..." என்று தொடங்கியதுமே அழ ஆரம்பித்தான். அவள் கை பழக்க தோஷத்தில் தண்ணீர்ச் செம்பை நோக்கிப் போனது. பாதியில் இழுத்துக்கொண்டாள்.

"அழாத அண்ணா. நீ அழுதா நான் உன்னைத் தேத்தணும். நான் சொல்ல வந்தது அதோட போயிடும். நாலு வருஷமா அப்படித்தான் போயிருக்கு."

அவன் நிறுத்தவில்லை. கட்டிலில் இருந்து ஒரு முனகல் வந்தது. அப்பா இடது கையால் மெத்தையைத் தட்டினார். இருவரும் திரும்பினார்கள்.

"மூக்கை... தொடை" என்றார் அப்பா, மகனைப் பார்த்து.

அண்ணனுக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சட்டைக் கையாலேயே துடைத்தான். லென்ஸ் அக்கா மாத்திரைப் பட்டியலை அவன் கையில் திணித்தாள். இன்று முழுக்க அவன் பார்க்க வேண்டும், அவள் தொட மாட்டாள், கேட்டால் மட்டும் சொல்வாள் என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

அப்பாவை நாற்காலிக்கு மாற்றவே அவனுக்கு மூச்சு வாங்கியது. அக்குளுக்கடியில் கை கொடுக்கத் தெரியாமல் விழுந்த கையைப் பிடித்து இழுத்தான். அப்பா வலியில் கத்தினார். எழுந்து ஓடாமல் இருக்க அவள் நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். சவரம் செய்கையில் தாடையில் கீறல். சாப்பாட்டில் பாதி நெஞ்சில் வழிந்தது. துணி மாற்றும்போது வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, திரும்பி வந்து மாற்றினான். நான்கு மணிக்கு அவன் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தபோது அவனுக்கு அழக்கூடத் தெம்பில்லை. கோபம்தான் வந்தது.

"இவ்வளவு கஷ்டம்னு நீ ஒரு நாள் கூடச் சொல்லலையே. உனக்கு இதெல்லாம் பழகிப்போச்சுன்னு நினைச்சேன்."

"சொன்னேனே. மூணு மாசத்துக்கு முன்னாடி போன்ல சொன்னேன். என்ன பண்ணின?"

அவன் மாத்திரைப் பட்டியலை நான்காக மடித்தான்.

"நீயே சொல்லு. என்ன பண்ணின?"

"அழுதேன்" என்றான் அவன்.

"நான்?"

"பரவாயில்ல அண்ணான்னு சொன்ன."

"அதைச் சொல்லிட்டு ராத்திரி முழுக்க என்னையே திட்டிக்கிட்டேன். உன்னைத் திட்டல. அழுதுக்கிட்டு இருக்குறவனை எப்படித் திட்டுறது? நீ முடியாதுன்னு நேரா சொல்லியிருந்தா, போடான்னு சண்டை போட்டிருப்பேன். அதுக்கும் வழி வைக்கல நீ."

அவனும் விடவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி என்னை ஒரு கொரியாக்காரனோடு ஒப்பிட்டாயே என்றான். அலுவலகத்தில் தனக்கு எவ்வளவு நெருக்கடி, மகளுக்குத் தேர்வு, வீட்டில் இடமில்லை என்று அடுக்கினான். அவள் ஒவ்வொன்றுக்கும் குரலுயர்த்திப் பதில் சொன்னாள். பிறந்ததிலிருந்து இருவரும் அப்படிச் சண்டை போட்டதில்லை. கடைசியில் அவன் ஒரு மாதம் அவகாசம் கேட்டான். அடுத்த பயிற்சி தொடங்கும் தேதியைச் சொல்லி, அதற்கு முந்தைய நாள் வந்துவிட வேண்டும் என்றாள். வந்துவிடுகிறேன் என்று வாயால் சொல்லாமல் தலையாட்டினான். வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டாள்.

திங்கட்கிழமை கடையில் கவுன்டர் பெண் வாய்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அண்ணனைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மீதியை லென்ஸ் அக்கா எழுதினாள். அந்தத் தொடரின் ரசிகர்கள் கூடும் பக்கத்தில் தானே அதைப் போட்டாள். கல் நெஞ்சக்காரி, காதலிக்கத் தெரியாதவள் என்று நூற்றுக்கணக்கில் வசவு வந்தது. ஒரு பெண் மட்டும், என் வீட்டிலும் ஓர் இளவரசன் இருக்கிறான் என்று எழுதியிருந்தாள். கவுன்டர் பெண் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், அந்தக் கடல் விஷயம் மட்டும் தனக்கும் பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டாள்.

சொன்ன தேதிக்கு அண்ணன் வந்தான். அலுவலக வேலையை அப்பா வீட்டில் இருந்தபடியே பார்க்க அனுமதி வாங்கியிருந்தான். முதல் நான்கு மாதம் அவன் தனியாக, அடுத்த நான்கு மாதம் மகளின் தேர்வு முடிந்து அண்ணியும் வந்துவிடுவாள் என்று ஏற்பாடு.

பயிற்சியின் ஐந்தாவது வாரம். ஆய்வுக்கூடத்து வாசலில், சோப்புப் போட்டுக் கழுவிய கை ஈரத்தோடு லென்ஸ் அக்கா நின்றிருந்தபோது கைபேசி அடித்தது. அண்ணன் எடுத்தவுடனே கத்தினான். அப்பா மாத்திரையைத் துப்புகிறார், ஆயா இரண்டு நாளாக வரவில்லை, எனக்குப் பத்து மணிக்குக் கூட்டம் இருக்கிறது, நீ பாட்டுக்கு அங்கே போய் உட்கார்ந்துகொண்டாய்.

அவள் முழுக்கக் கேட்டாள். அவன் குரலில் அழுகையின் ஈரமே இல்லை. வெறும் எரிச்சல். இத்தனை வருடத்தில் அவனிடம் பேசுவது இவ்வளவு சுலபமாக இருந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"மாத்திரையை வாழைப்பழத்துல மசிச்சுக் கொடு. ஆயா வீட்டு நம்பர் பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு. எனக்கு கிளாஸ் ஆரம்பிச்சிருச்சு அண்ணா, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கையை மறுபடி கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.