தலைவர் கையெழுத்து

வெள்ளத்தாய் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது முப்பத்தாறாவது வயதில். தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது கருப்பனோடை ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பத்து வருடமாக அந்த நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த அவள் புருஷன் மொக்கைச்சாமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, பெண்டாட்டி பேரில் மனுத் தாக்கல் செய்வது என்று முடிவெடுத்தான். அவளிடம் கேட்கவில்லை. மாட்டைக் கேட்டா வண்டியில் பூட்டுகிறோம்?

“ரேகை வச்சா எனக்கு மானக்கேடுட்டி. பேரு எழுதப் படிச்சுக்கோ” என்றான்.

மகள் ரெங்கநாயகி அப்போது எட்டாம் வகுப்பு. அவள்தான் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். “மொதல்ல கொம்பைப் போடும்மா, பொறவு வ.” களை பறித்துக் காய்த்துப்போன விரலுக்குப் பல்பம் வழுக்கியது. ஒன்பதாம் நாள் யார் உதவியும் இல்லாமல் ஆறு எழுத்தையும் எழுதி முடித்தபோது ரெங்கு கை தட்டினாள். பேசாத பங்காளிகள் மாதிரி எழுத்துகள் தள்ளித் தள்ளி நின்றன. இருந்தாலும் அது அவள் பெயர், அவள் கையால் எழுதியது. அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் தேர்தலில் ஜெயித்த அன்று இல்லை. ஜெயித்த அன்று மாலை விழுந்தது மொக்கைச்சாமியின் கழுத்தில்தானே.

பதவியேற்ற நாளில் ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்தாள். அதோடு சரி. “கூட்டம் நடக்கிறது ஆம்பளைக பேசுற எடம், ஒனக்கென்ன அங்க சோலி?” என்றான் அவன். தலைவர் முத்திரை அவன் சட்டைப் பையில் குடியேறியது. ஊரும் அவனையே ‘தலைவரே’ என்று கூப்பிட்டது. முதல் மாதம் காகிதங்களையாவது வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக எழுதுவாள். அவன் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பான்.

“நீ ஒரு பேரை எழுதி முடிக்கதுக்குள்ள நான் ராசபாளையம் போயிட்டு வந்துருவேன். விடுட்டி, நானே போட்டுக்கிடுதேன்.”

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. விட்டது தொல்லை என்று எழுந்து போனாள். வாழ்க்கையில் அவள் செய்த பெரிய தப்பு அதுதான். அதற்குப் பிறகு ‘வெள்ளத்தாய்’ என்று எழுதியது எல்லாம் மொக்கைச்சாமியின் கைதான். சாய்வாக ஒரே இழுப்பில் எழுதி, கடைசியில் ஒரு வாலைச் சுழற்றி, அடியில் இரண்டு புள்ளி வைப்பான்.

மறு வருடம் மே மாதம், காலை எட்டு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ் நின்றுபோனது. அதற்குப் பதில் ஆறேகாலுக்கு இராஜபாளையத்துக்கு ஒரு பஸ் வந்தது. பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் தங்கபாய் நேரே வெள்ளத்தாயின் வீட்டுக்கே வந்துவிட்டாள். அவள் மகளும் ரெங்குவோடு எட்டாவது முடித்தவள். கருப்பனோடையில் பள்ளிக்கூடம் எட்டோடு சரி, ஒன்பதாவதுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் போக வேண்டும். பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். மாந்தோப்புகளுக்கு நடுவே மூன்று மைல், பொட்டைப்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

“தலைவரம்மா, பெத்தபேரு, தாக நீள்ளு லேதுன்னு எங்க தெருத் தெலுங்குக்காரங்க சொல்லுவாங்க. பேரு பெரிய பேரு, குடிக்கத்தான் தண்ணி இல்லையாம். நீ இருந்து என்ன, இல்லாம என்ன?”

வெள்ளத்தாய்க்குச் சுருக்கென்றது. அன்று புருஷன் சாப்பிடும்போது மெல்லப் பேச்செடுத்தாள்.

“எட்டு படிச்சது பத்தாதா?” என்றான் மொக்கைச்சாமி. “ராசபாளையம் பேண்டேஜ் கம்பெனியில ஏழு மணி ஷிப்டுக்கு இருபது பொம்பளையாள் கேக்காக. நான்தான் அனுப்புதேன்னு சொல்லியிருக்கேன். ஸ்கூல் தொறக்கிற அன்னைக்கே ரெங்குவும் போகட்டும். உக்காந்து துணி மடிக்கிற வேலை, நெழலு.”

ரெங்கு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. மறுநாள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, எட்டு மணி பஸ்ஸைத் திரும்ப விடும்படி ஊராட்சித் தலைவர் கேட்டுக்கொள்வதாக மனு எழுதினாள். வெள்ளத்தாய் அடியில் கையெழுத்துப் போட்டாள். ஏழு மாதத்துக்குப் பிறகு போடுகிறாள், ‘த்’ மேலே புள்ளி வைக்க மறந்ததை ரெங்கு நினைவுபடுத்தினாள்.

பள்ளி திறக்க மூன்று நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மொக்கைச்சாமி ஒரு கல்யாணத்துக்கு மதுரை போக, அவள் அந்த ஆறேகால் பஸ்ஸிலேயே ஏறி இராஜபாளையத்தில் இறங்கினாள். பஸ் டிப்போவில் பேச்சிமுத்து என்ற கிளார்க், மனுவை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“கருப்பனோடையா? போன மாசம்தானே உங்க தலைவர் எட்டு மணி வண்டியை ஆறேகாலுக்கு மாத்தச் சொல்லி லெட்டர் குடுத்தாரு? இப்ப மறுபடி மாத்தணுமா?”

“எந்தத் தலைவரு? நான்தான்யா தலைவரு.”

பேச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஃபைலை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் பெயர் எந்தக் காகிதத்தில் இருந்தாலும் அடையாளம் கண்டுவிடுவாள். சாய்ந்து ஓடி, வால் சுழற்றி, இரண்டு புள்ளி வைத்து நின்றது அது. பக்கத்தில் முத்திரை.

“இதுலயும் வெள்ளத்தாய், அதுலயும் வெள்ளத்தாய். கையெழுத்து ஒத்துப்போகலையேம்மா. உங்க ஊர்ல ரெண்டு வெள்ளத்தாயா?”

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எட்டு மணி பஸ்ஸை நிறுத்தியது வெள்ளத்தாய். எட்டுப் பொட்டைப்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியது வெள்ளத்தாய். ஊர் கேட்டால் அவள் பேரைத்தான் சொல்லும்.

பேச்சிமுத்து கெட்ட மனுஷர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நிசமாவே நீங்கதான் தலைவருன்னா, பழைய லெட்டர்ல இருக்கது என் கையெழுத்து இல்லைன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. மேல அனுப்பிருதேன். விசாரணை வரும், போலீஸ் வரும், போட்டவரு மாட்டுவாரு. உங்க பஸ்சும் திரும்ப வந்துரும். எழுதத் தெரியாட்டா நான் எழுதுதேன், நீங்க சொன்னாப் போதும்.”

நாலு வரி. சொன்னால் போதும்.

வெள்ளத்தாய் உட்கார்ந்து யோசித்தாள். அந்த ஒரு கடிதத்தோடு முடியுமா? தெருவிளக்கு, வாய்க்கால், பம்புசெட்டு என்று ஏழு மாதக் காகிதம் முழுக்க அந்த வாலும் புள்ளியும்தான். ஒன்றை இழுத்தால் எல்லாம் வரும். புருஷனை உள்ளே தள்ளிவிட்டு அந்தத் தெருவில் குடியிருக்க முடியுமா? மகாராஜபுரத்தில் அவளுடைய அண்ணன்மார் வாசலில் ஏற்றுவார்களா? அப்பனை ஆத்தாள் ஜெயிலுக்கு அனுப்பிய வீட்டுப் பெண் என்று ரெங்குவைப் பார்த்து ஊர் பேசாதா? அவன்மேல் அவளுக்கு இரக்கம் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் அவனை வெறுத்தாள். ஆனால் வெறுப்பை வைத்துக்கொண்டு எந்த வீட்டில் போய் இருப்பது?

“என்னம்மா, எழுதவா?” பேச்சிமுத்து பேனா மூடியைக் கழற்றியிருந்தார்.

“வேண்டாம்யா. அது… அது நான் போட்டதுதான்.”

“அப்ப இந்த மனுவுல இருக்கது?”

மேஜைமேல் ரெங்குவின் நோட்டுத் தாள் கிடந்தது. ஆறு எழுத்தும் தள்ளித் தள்ளி நின்றுகொண்டிருந்தன. ‘த்’ மேலே புள்ளி கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது.

“அது என் கையெழுத்து இல்லைய்யா” என்றாள் வெள்ளத்தாய். “யாரோ வெளையாட்டுக்குப் போட்டிருக்காக.”

பேச்சிமுத்து பேனாவை மூடினார். பிறகு தாளை மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, ஃபைலைக் கட்டி வைத்தார்.

சாயங்கால பஸ்ஸில் இறங்கும்போது தங்கபாய் கடை வாசலில் ரெங்கு காத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

“மனு குடுத்துட்டியாம்மா? கையெழுத்தப் பாத்தாகளா?”

“பாத்தாக.”

“என்ன சொன்னாக?”

மடித்த தாள் வெள்ளத்தாயின் ரவிக்கைக்குள் குத்திக்கொண்டிருந்தது.

“இம்புட்டு அழகா யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாக” என்றாள்.

ரெங்கு சிரித்தாள். மூன்று நாளைக்கு அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. திங்கட்கிழமை ஆறேகால் பஸ்ஸுக்கு வெள்ளத்தாய் அவளுக்குத் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள்.