எலுமிச்சைக்கு ஏறிய டிரிப்ஸ்

பெரிய சிஸ்டர் வருகிறார் என்றால் அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியே ஒரு முறை சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்ளும். மாத்திரையைத் துப்பிவிட்டு மெத்தைக்கடியில் ஒளித்து வைப்பவர், பார்வை நேரம் முடிந்தும் நாற்காலியை விடாத மாமா, ஊசியைக் கண்டதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் போலீஸ்காரர் என்று முப்பது வருடத்தில் அவர் எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் ஒரு எலுமிச்சைச் செடியின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

செடி அவருடையதாக இருந்தால் கவலையே இல்லை. அது அவருடைய ஓரகத்தியுடையது. கொழுந்தனின் மனைவியோடு அவர் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. மாமியார் இதய நோயில் படுத்திருந்தபோது உப்பே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் சின்ன மருமகள், மற்ற நேரத்தில் பெரிய மருமகள் என்று முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் பெரிய சிஸ்டர் டியூட்டி முடிந்து வந்து, மாமியார் குடித்து மிச்சம் வைத்த சூப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. இரண்டு மாதம் கழித்து மாமியார் இறந்த அன்று, கூடியிருந்த உறவுக்காரர்கள் முன்னால், "நீதான் அவங்களைக் கொன்னே" என்று ஓரகத்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஒரு கிண்ணம் சூப்பால் அந்த இதயம் நிற்கவில்லை என்பது வேறு யாரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னார். சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்லை.

அந்த ஓரகத்திதான் திடீரென்று ஒருநாள் தொட்டியும் கையுமாக வாசலில் வந்து நின்றாள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம், மூன்று மாதம் போகிறாள். "அக்கா, இதை மட்டும் பார்த்துக்கிறீங்களா? உங்களைத் தவிர வேற யார்கிட்டயும் கொடுக்க மனசு வரல" என்றாள். அக்கா என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பெரிய சிஸ்டர் இரண்டு கையையும் நீட்டினார். செடியைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டார்.

நான்காம் நாளே அது வாடியது. இடம் மாறினால் எந்தச் செடியும் பத்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் செய்யும். சும்மா விட்டிருந்தால் தானே தெளிந்திருக்கும். ஆனால் சும்மா விடுவது பெரிய சிஸ்டரின் ரத்தத்திலேயே கிடையாது. வாடிய முகத்தைக் கண்டால் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது டிரிப்ஸ்தான். தேதி முடிந்துவிட்டது என்று வார்டில் கழித்துக் கட்டிய சலைன் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். ஜன்னல் கம்பியில் பாட்டிலைத் தொங்கவிட்டு, டியூபைத் தொட்டி மண்ணில் செருகி, நிமிடத்துக்கு இருபது சொட்டு என்று திருகிவிட்டார். ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சார்ட்டும் ஒட்டியாகிவிட்டது.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏணியும் ஸ்பேனருமாக வீடு திரும்பியவர் இதைப் பார்த்துவிட்டு, "பேஷண்டுக்கு டெம்பரேச்சர் பார்த்தியா?" என்று கேட்டார்.

"நக்கல் பண்ணாதீங்க. என் கைக்கு வந்த கேஸ் இதுவரைக்கும் வாடினதில்ல."

"அதுக்கு வாய் இருந்தா வேண்டாம்னு சொல்லியிருக்கும்."

மூன்றாவது வாரம் இலைகளின் ஓரம் கருகியது. நிமிடத்துக்கு முப்பது சொட்டு ஆனது. இலைகள் கொட்டின. நாற்பது சொட்டு ஆனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓரகத்தி வீடியோவில் வந்து, "செடியைக் காட்டுங்கக்கா" என்பாள். பெரிய சிஸ்டர் ஒரு வாரம் நல்ல கிளையை மட்டும் காட்டினார். அடுத்த வாரம் ஃபோனில் சார்ஜ் இல்லை என்றார். அதற்கடுத்த வாரம், வாய் கூசாமல், செடி வந்த அன்று எடுத்த படத்தை அனுப்பினார்.

ஓரகத்தி திரும்ப ஒன்பது நாள் இருக்கும்போது செடியில் பாதி குச்சியாகிவிட்டது.

"இதே உயரத்துல ஒண்ணு வாங்கி வெச்சிடலாம். எலுமிச்சைக்கு என்ன ஆதார் அட்டையா இருக்கு?" என்றார் கணவர்.

பெரிய சிஸ்டருக்குச் சபலம் தட்டாமல் இல்லை. கிளம்பிச் செருப்புகூடப் போட்டுவிட்டார். பழைய தொட்டியின் அளவு பார்க்க வேண்டுமே என்று திரும்பி வந்து குனிந்தபோதுதான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். சொதசொதவென்று ஈரம். இவ்வளவு தண்ணீரில் நின்றுகொண்டா இது தாகத்தில் சாகிறது? தொட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

உப்பு.

கால் வீங்கி வரும் நோயாளிகளிடம் அவர் தினமும் ஓதும் பாடம் ஒன்று உண்டு. "உப்பு எங்க ஜாஸ்தியோ தண்ணி அந்தப் பக்கம்தான் போகும்." சலைன் என்பதே உப்புத் தண்ணீர்தான். மண்ணில் உப்பு ஏற ஏற, வேரால் தண்ணீரை உள்ளே இழுக்க முடியவில்லை. உள்ளே இருந்ததும் வெளியே போயிருக்கும். ஊருக்கெல்லாம் சொன்ன பாடத்தைத் தன் வீட்டு ஜன்னலோரத்தில் கோட்டை விட்டிருந்தார். செடி செத்தால் கொன்றவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை.

தொட்டியை இருவருமாகத் தூக்கிப் பாத்ரூமில் வைத்து, வாளி வாளியாக நல்ல தண்ணீர் ஊற்றி அடித்துளை வழியாக வடியவிட்டார்கள். பெரிய சிஸ்டருக்கு உட்காரத் தோன்றவில்லை. செடிக்கடைக்காரருக்கு ஃபோன் போட்ட கணவர், வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"இலையில பாதியை வெட்டிட்டு, மிச்சத்தை பிளாஸ்டிக் கவரால மூடணுமாம். தண்ணியைக் கீழ இருந்து யாரும் தள்ளலையாம். இலையில ஆவியாகுற இழுப்புலதான் மேல ஏறுதாம். நம்ம லிஃப்ட் கணக்குத்தான், மெஷின் மொட்டை மாடியில இருக்கு. வேர் தேறுற வரைக்கும் மெஷினை மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான்."

"பொழைக்குமா?"

"பாதிக்குப் பாதின்னாரு."

பெரிய சிஸ்டர் ஈரக் கையோடு ஃபோனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தால் மறுபடியும் பொய் சொல்லத் தோன்றும் என்று அவருக்குத் தெரியும்.

"என்னக்கா, இந்த நேரத்துல?" என்றாள் ஓரகத்தி. மடியில் பேரக்குழந்தை விக்கிக்கொண்டிருந்தது.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பாட்டில், சொட்டுக் கணக்கு, பழைய படம், வாங்கப் போன புதுச் செடி, ஒன்றையும் விடவில்லை. பிறகு குரல் இறங்கியது. "நல்லதுன்னு நெனச்சுத்தான் ஊத்தினேன். அன்னிக்கு நீயும் பாசத்துலதான் சூப்புல உப்பு போட்டிருப்பே. அதுக்கு நான் என்ன வார்த்தை சொன்னேன் உன்னை. என்னை மன்னிச்சிடும்மா."

ஓரகத்தி குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

"அக்கா, நான் உப்பு போடலக்கா."

"என்னது?"

"அத்தைதான் போட்டுக்கிட்டாங்க. தலையணை உறைக்குள்ள ஒரு டப்பா வெச்சிருந்தாங்க. நான் பார்த்துட்டேன். பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க. உங்ககிட்ட அவங்களுக்கு அவ்வளவு பயம்."

பெரிய சிஸ்டருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்த மனுஷி செய்யக்கூடியவர்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கடைசிக் காலத்தில் மாமியார் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டு படுத்திருந்தார் என்பது நெஞ்சில் போய்க் குத்தியது.

"அவங்க போன பிறகாவது சொல்லியிருக்கலாமே. பதினொரு வருஷம்..."

"சொல்லத்தான் நெனச்சேன். அன்னிக்கு நீங்க இருந்த இருப்பைப் பார்த்தேன். உங்களுக்கு அப்போ யார் மேலயாவது கோபப்பட்டே ஆகணும்போல இருந்துச்சு. செத்தவங்க மேல கோபம் வந்தா அதை எங்க கொண்டுபோய்க் கொட்டுவீங்க? என் மேலன்னா, நான் உயிரோட இருக்கேன்ல, என்னிக்காவது சரியாயிடும்னு விட்டுட்டேன்."

பெரிய சிஸ்டர் பாத்ரூம் தரையில், வடிந்த தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடமாக யாருக்கு என்ன ஆனாலும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

"செடி போனா போகுதுக்கா," என்றாள் ஓரகத்தி. "நீங்க சாப்பிட்டீங்களா?"

அதற்குத்தான் அவர் அழுதார்.