கேழ்வரகுத் தோட்டா

அறந்தாங்கியில் பழைய பித்தளை வாங்கி விற்கும் அஜீசாவுக்கு, கையில் எடுத்த பொருள் இன்னதென்று தெரியாமல் கீழே வைக்கும் பழக்கம் கிடையாது. உடைந்த பம்பின் உள்பாகமோ, எந்தக் காலத்து விளக்கின் திருகோ, திருப்பித் திருப்பிப் பார்த்து, வந்தவர் போனவரிடம் விசாரித்து, பெயர் தெரிந்த பிறகுதான் குவியலில் போடுவாள். டிவிஎஸ் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி, பிளாஸ்டிக் கூடை கொடுத்துப் பழைய பாத்திரம் வாங்கிவரும் மலையாண்டிக்கு அது வேடிக்கை. "உருக்கப் போற சாமானுக்கு ஜாதகம் பாக்குறீங்களேக்கா" என்பான்.

தை மாதத்தில் ஒரு காலை அவன் கொட்டிய சாக்கில் மூடி இறுகிய தூக்குவாளி ஒன்று இருந்தது. அஜீசா ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தாள். உள்ளே பழைய துண்டில் சுற்றிப் பன்னிரண்டு பித்தளைக் குழல்கள். விரல் நீளம், கட்டைவிரலுக்குச் சற்று மேல் பருமன். அடிப்பக்கம் விளிம்பு வைத்து மூடியிருந்தது. மேல்வாயை அட்டை வைத்து மெழுகால் அடைத்திருந்தார்கள். ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டினாள். சரசரவென்று விதை உருளுகிற சத்தம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பதினொன்று ஒரே எடை. ஒன்று மட்டும் கையை இழுத்தது.

அடிப்பக்கத்து நடுவில் இருந்த சின்னச் செம்பு வட்டத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இதே போலக் காலிக் குழல்கள் வந்திருந்தன. சுட்டபோது ஊசி குத்தி, அவற்றில் அந்த வட்டம் குழிவிழுந்திருந்தது. இதில் குழி இல்லை.

"மலையாண்டி, பீடியை அணைச்சுட்டுத் தள்ளிப் போய் நில்லு."

"என்னக்கா?"

"தோட்டா. சுடாத தோட்டா."

மறுநாள் அந்தக் குவியல் கும்பகோணத்து உருக்குப் பட்டறைக்குப் போக வேண்டியது. உலையில் விழுந்திருந்தால் பட்டறையே வெடித்திருக்கும். குழல்களை மணலில் படுக்க வைத்துவிட்டு, திருட்டுச் சாமான் விசாரணைக்காக அடிக்கடி கடைப்பக்கம் வரும் ஏட்டு பிராங்க்ளினுக்குப் போன் செய்தாள்.

பிராங்க்ளின் புதுக்கோட்டை ஆயுதக் கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். வந்ததும் ஒரு குழலை விரலிடுக்கில் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"கருமருந்து போட்டு வீட்டுல அடைச்சது. கடையில வாங்குறது ஒரு தடவை சுட்டா முடிஞ்சுபோகும். இந்தப் பித்தளை உறையை மறுபடி மறுபடி நிரப்பிச் சுடலாம். எங்கிட்டு வாங்குனே?"

மலையாண்டி தலையைச் சொறிந்தான். "ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்க நாலு ஊர் போனேன் சார். எல்லாத்தையும் ஒரே சாக்குல போட்டுட்டேன். எந்த வீடுன்னு நெனப்பில்ல."

தோட்டாக்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வாக்குமூலம் தர அஜீசாவும் போனாள். பின்கட்டில் வேப்பமரத்தடியில் வாளி நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிராங்க்ளின் ஒரு தோட்டாவின் மேல் மெழுகைச் சுரண்டி, அட்டையைக் கிளப்பி, காகிதத்தின் மேல் கவிழ்த்தார். ஈயக் குண்டுகள் கொட்டும் என்று கையைக் குவித்திருந்தார். சிவப்பாகப் பொடி தானியம் கொட்டியது.

அஜீசா ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"கேப்பை" என்றாள்.

"கேப்பையேதான்." பிராங்க்ளின் அடுத்ததைப் பிரித்தார். அதிலும் கேழ்வரகு. அதன் கீழே கம்பளித் துணியில் வெட்டிய தக்கை, அதற்கும் கீழே கருமருந்து. எல்லாம் முறையாக, ஒரு பிசிறு இல்லாமல். "மருந்து சரி, அடியில தீப்பொறி கெளப்புற கேப் சரி, தக்கை சரி. குண்டு இருக்க வேண்டிய எடத்துல கேப்பை. இருபது வருசச் சர்வீஸ்ல இப்படிப் பார்த்ததில்லம்மா. சத்தம் மட்டும் போதும்னா மருந்தை அடைச்சு விட்டா முடிஞ்சுது. கேப்பை எதுக்கு?"

"வெறுமனே விட்டா எடை கொறையும். ஆட்டினா சத்தம் வராது" என்றாள் அஜீசா. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. "யாரையோ ஏமாத்தறதுக்குப் போட்டிருக்காங்க."

கனமாக இருந்த அந்த ஒன்றைக் கடைசியில் பிரித்தார்கள். அதில் ஈயக் குண்டுகள் இருந்தன. அதன் மெழுகு வழிந்து உறையெல்லாம் அப்பியிருந்தது. மற்றதில் எல்லாம் மெழுகு நகப்பூச்சு மாதிரி மெல்லிசு. குண்டுகளைக் கொட்டிய பிறகும் அஜீசா உறையை விடவில்லை. வெயிலுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தாள். பக்கச் சுவரில் ஒட்டிய பழைய மெழுகில் மூன்று கேழ்வரகு மணிகள் பதிந்திருந்தன.

"ஏட்டய்யா, இதுலயும் மொதல்ல கேப்பைதான் இருந்திருக்கு. யாரோ பிரிச்சுக் கொட்டிட்டுக் குண்டைப் போட்டிருக்காங்க."

பிராங்க்ளின் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீ இந்த வேலைக்கு வந்திருக்கணும்" என்றார்.

யாருடையது என்பதுதான் அடுத்த கேள்வி. ஸ்டேஷன் பதிவேட்டில் பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அஜீசா தோட்டாக்களின் வாயை அடைத்திருந்த அட்டை வட்டங்களை மேஜையில் பரப்பினாள். எட்டணாக் காசு அளவில் கத்தரித்தவை. பதினொன்றும் ஒரே மஞ்சள் அட்டை, ஒரே அச்சு. ஒன்றில் 'செல்வி கா', இன்னொன்றில் 'வ்யாவுக்', மற்றொன்றில் 'ரகுநா'. கல்யாண அழைப்பிதழ். 'செல்வி கா' என்பதே மூன்று வட்டங்களில் இருந்தது.

"ஒரே பத்திரிகையில மூணு தடவையா பொண்ணு பேரு போடுவாங்க?" என்றார் பிராங்க்ளின்.

"மூணு பத்திரிகைங்க. நமக்கெல்லாம் வீட்டுக்கு ஒண்ணுதான் வரும். ஒரே பத்திரிகை கட்டா மிச்சம் கெடக்கிறது கல்யாண வீட்டுலதான்."

பத்தாவது வட்டத்தில் 'த்தூர் அருள்ம' என்று இருந்தது. பிராங்க்ளின் பதிவேட்டில் விரலை ஓட்டி நிறுத்தினார். அருள்மணி, மேலக்குளத்தூர். இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனவர். துப்பாக்கியை அப்போதே வீட்டார் ஒப்படைத்துவிட்டார்கள். தோட்டாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"நீயும் வாரியா? பொம்பளை ஆளு கூட இருந்தா அந்தம்மா பயப்படாம பேசும்" என்றார். கேட்காவிட்டாலும் அஜீசா போயிருப்பாள்.

மேலக்குளத்தூரில் அருள்மணியின் மனைவி சொர்ணவல்லி களத்தில் கடலை காயப்போட்டுக் கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். போலீஸ் உடுப்பைக் கண்டு முகம் வெளுத்தவர், உறைகளைக் கண்டதும் அப்படியே சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பொங்கலுக்கு வீடு ஒதுங்க வெச்சப்ப பரண்ல கெடந்ததை எல்லாம் எம்மக காவ்யா எடுத்துப் போட்டுச்சு. வாளிக்குள்ள இது இருக்கும்னு எனக்கு நெனப்பே இல்ல. தப்புத்தான் சார்."

"அம்மா, அதை ஏட்டய்யா பார்த்துக்குவாரு" என்று அஜீசா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "இதை அடைச்சது யாரு?"

"நான்தான்."

கணவருக்குக் கண்ணில் புரை விழுந்த காலத்திலிருந்து தோட்டா அடைக்கும் வேலை தன்னுடையது என்றார் சொர்ணவல்லி. கணவர் புதுக்கோட்டைக் கடையில் மருந்தும் கேப்பும் வாங்கிவந்து கொடுத்துவிடுவார். இவர் சமையல் முடித்து, அடுப்பு முழுக்க அணைந்த பிறகு, முற்றத்தில் உட்கார்ந்து அடைப்பார். கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை. ஒரு மார்கழிக் காலையில் பனிமூட்டத்தில் செடி அசைவதைப் பார்த்து அருள்மணி சுட்டுவிட்டார். விழுந்தது பன்றியல்ல, பக்கத்துக் கொல்லைச் செவந்தியின் வெள்ளாடு. ஆட்டுக்கு ரெண்டு முழம் தள்ளிச் செவந்தி குனிந்து புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் கூடையில் மூன்று ஓட்டை.

"அந்த ஓட்டையில நான் விரலை விட்டுப் பார்த்தேன் தாயி. அன்னைக்குச் சோறு எறங்கல. துப்பாக்கியைக் கொடுத்துருங்கன்னா கேக்க மாட்டாரு. அவுக அப்பா காலத்துத் துப்பாக்கி. சத்தத்துக்கே பன்னி ஓடிப்போகும், குண்டு எதுக்குன்னு நானா ஒரு முடிவுக்கு வந்தேன். வீட்டுல எந்நேரமும் இருந்தது கேப்பை. ஒம்பது வருசம் அவருக்குத் தெரியாமலே ஓட்டிட்டேன்."

ஒன்பது வருடமும் அருள்மணி சுட்டதில் ஒரு பன்றி விழவில்லை. டீக்கடையில் கேலி பேசுவார்களாம். 'குழல் தேஞ்சு போச்சுப்பா' என்று சிரித்துக்கொண்டே வந்துவிடுவாராம்.

அஜீசா பன்னிரண்டாவது உறையையும் அதன் அட்டையையும் எடுத்து நீட்டினாள்.

"இதுவும் நீங்க அடைச்சதாம்மா?"

சொர்ணவல்லி வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். வழிந்த மெழுகைப் பெருவிரலால் தடவினார். "இது என் கை இல்ல. இப்படியா மெழுகு ஊத்துறது? வாய்க்குள்ள ஊத்தச் சொன்னா உடம்பெல்லாம் ஊத்தியிருக்கு." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "இதுல என்ன இருந்துச்சு?"

"ஈயக் குண்டு. ஆனா அதுக்கு முந்தி கேப்பை இருந்திருக்கு. உள்ள மூணு மணி ஒட்டியிருக்கு, பாருங்க."

அந்த அட்டை காலண்டரிலிருந்து வெட்டியது. 2017 என்ற எண் முழுதாகத் தெரிந்தது. சொர்ணவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் தோட்டாவைத் தொடும் இன்னொரு ஆள் அருள்மணிதான்; அவர் இறந்தது 2022இல். சொர்ணவல்லியின் உதடு அசைந்தது. நடுவில் இருந்த வருடங்களை எண்ணுகிறார் என்று அஜீசாவுக்குத் தோன்றியது.

"அப்ப அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கு."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கல."

அவர் அழுவார் என்று அஜீசா எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் வந்தது அழுகை அல்ல. தேர்வில் விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகம். "எப்படிக் கண்டுபிடிச்சாரு? கண்ணும் சரியாத் தெரியாது. நான் ஒரு தடவைகூட ஒண்ணுக்கொண்ணு எடை மாறி வெச்சதில்லையே" என்றார். அதே கேள்விதான் அஜீசாவையும் குடைந்துகொண்டிருந்தது.

பதில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. போலீஸ் வண்டியைப் பார்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த செவந்தி, பேச்சு காதில் விழுந்து, வேலித் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆடு போனவள் அவள்தான். ஐம்பதைத் தொட்ட வயது, வாயில் வெற்றிலை.

"மதினி, அண்ணன் எங்கிட்டதானே வந்து கேட்டாரு. ஒரு மழைக்குப் பெறகு ஒங்க கடலைக்கு நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா கேப்பை மொளைச்சு நின்னுச்சு. 'செவந்தி, ஒன் கொல்லையில கேப்பை வெதைச்சியா'ன்னாரு. இல்லண்ணேன்னேன். நாத்தைத் தடவிப் பார்த்துட்டு ரொம்ப நேரம் வரப்புல நின்னாரு. எதுக்கு நிக்கிறாருன்னு அப்ப எனக்கு வெளங்கல."

"அப்புறம்?"

"அப்புறம் சிரிச்சாரு. அந்த நாத்தைப் புடுங்க வேணாம், அப்படியே விட்டுருன்னாரு."

சொர்ணவல்லி புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துப் பதறிய அஜீசாவுக்கு, சற்றுக் கழித்துத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது. சிரிப்பு அடங்கும்போது கண்ணிலும் நீர் நின்றது.

"குண்டு போட்ட இந்த ஒண்ணை மட்டும் எதுக்கு வெச்சிருந்தாரு?" என்றார் பிராங்க்ளின். அவருக்கும் இப்போது உத்தியோகம் மறந்துபோயிருந்தது.

"பன்னி மேல பாஞ்சா வேணுமேன்னு வெச்சிருப்பாரு" என்றாள் செவந்தி.

"பாஞ்சிருக்கே. கெணத்து மேட்டுல ஒரு தடவை கொம்பன் பன்னி எதுக்க வந்து நின்னுச்சு, நானும் கூட இருந்தேன்" என்றார் சொர்ணவல்லி. "அப்பவும் கேப்பையைத்தானே போட்டாரு. பன்னி திரும்பி ஓடுச்சு. நாந்தான் நடுங்கிக்கிட்டு நின்னேன், இப்பக் குண்டு இருந்திருந்தா நல்லாருந்திருக்குமேன்னு."

"அது எந்த வருசம் மதினி?"

"காவ்யாவுக்கு ரெண்டாவது பொறந்த வருசம். பதினெட்டு. இல்ல, பத்தொம்பது."

"அப்ப அந்தத் தோட்டா இடுப்புப் பையில இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். எடுக்கல."

பிராங்க்ளின் காகிதத்தை எடுத்தார். இறந்த லைசென்ஸ்தாரரின் வாரிசு, வீட்டில் கண்டெடுத்த தோட்டாக்களைத் தாமாகவே ஒப்படைத்ததாக எழுதினார். 'உள்ளடக்கம்' என்ற இடத்தில் பேனா நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கருமருந்து, கேழ்வரகு என்று எழுதி, ஒன்றில் மட்டும் ஈயக் குண்டு என்று சேர்த்தார். சொர்ணவல்லி கையெழுத்துப் போட்டார். உறைகள் திரும்பக் கிடைக்காது என்று சொன்னபோது தலையாட்டினார். காலண்டர் அட்டையை மட்டும் தன்னிடம் இருக்கட்டுமா என்று கேட்டார். அது ஆயுதச் சட்டத்தில் வராது என்றார் பிராங்க்ளின்.

அவர் வண்டியைக் கிளப்பி இரண்டு முறை ஹாரன் அடித்தும் அஜீசா எழுந்து போகவில்லை. செவந்தியும் சொர்ணவல்லியும் காயும் கடலைக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, அருள்மணி சுட்ட ஒவ்வொரு வேட்டையும் எந்த வருடம், அன்று வீட்டுக்கு வந்து என்ன சொன்னார், முகம் எப்படி இருந்தது என்று முதலிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதுவரை அவருக்குத் தெரியாது, எதிலிருந்து தெரியும் என்று அந்தக் கோடு எங்கே விழுகிறதென்று பார்க்க வேண்டுமாம்.

"ஏட்டய்யா, நீங்க போங்க. நான் பஸ்ல வாரேன்" என்று சொல்லிவிட்டு அஜீசாவும் காலை நீட்டினாள். "நாத்து மொளைச்சது எந்த மழைக்கு, அதைச் சொல்லுங்க மொதல்ல."