நீராகாரம் மட்டும்

...இது பித்தம் இல்லை, பித்தம் என்றால் பச்சையாக வரும், கசப்பாக நாறும், ஆறு வருஷமாக நர்சாக இந்த வாந்தித் தட்டைப் பிடிக்கிற எனக்குத் தெரியாதா, சாலம்மாள் என் கையை இறுக்கிக்கொண்டு மறுபடி குமட்டுகிறாள், தையல் பிரிந்துவிடுமோ என்று தலையணையை அவள் வயிற்றோடு சேர்த்து அழுத்துகிறேன், மெதுவாமா, மெதுவா... குடல்வால் எடுத்தவர்களுக்கு முதல் நாள் வாந்தி வரும், மயக்க மருந்து செய்கிற வேலை, இது மூன்றாம் நாள், இன்னும் எதற்கு வருகிறது? குடல் முறுக்கிக்கொண்டிருக்கும், திரும்பத் திறந்துதான் பார்க்கவேண்டும் என்கிறார் தீனதயாளன் டாக்டர், "விஜயலட்சுமி, பத்து மணிக்கு தியேட்டர ரெடி பண்ணுங்க." மயக்கம் கொடுக்கிற டாக்டர் விழுப்புரத்திலிருந்து வரவேண்டும், எப்படி வருவார், உளுந்தூர்பேட்டை ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், இடஒதுக்கீடு கேட்டு மறியல், பாண்டிச்சேரிக்கு அனுப்பவும் வழியில்லை. மயக்கத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் தீனதயாளன், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரத்தம் சுண்டிப்போன இந்த உடம்பு இன்னொரு கத்தியைத் தாங்குமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

கம்பவுண்டர் காலையிலிருந்து மறியல்காரர்களைத் திட்டிக்கினு இருக்கிறார், "கோட்டாவுல வந்து இன்னாத்த கிழிக்கப் போறானுங்க", திட்டிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கிறார், பாரும், நன்றாகப் பாரும், நானும் அந்த வழியில் வந்தவள்தான், எலவனாசூர்கோட்டையில் நாற்று நடுகிற இருசம்மாள் மகள், நர்சு பள்ளியில் கிடைத்த ஒரு சீட்டு ஒரு வீட்டை என்ன செய்யும் என்று என்னைக் கேளும்... சீ, இப்போது எதற்கு அது, தட்டைப் பார், வெள்ளையாக, புளிச்ச வாடை. வயிற்றுப் புளிப்பு என்கிறார் டாக்டர். இல்லையே, இந்த வாடையை எனக்குத் தெரியும், பத்தாவது முடிக்கிறவரை காலையில் இதைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் ஓடினேன்... கட்டிலுக்கடியில் குனிகிறேன், ஈரத்துணி சுற்றிய தூக்குப்போணி, மூடியைத் திறந்தால் சாமைச் சோறு ஊறிய தண்ணீர். வெள்ளிமலைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கல் கூட்டிப் பொங்கிக்கொள்கிறார்கள். அவள் புருஷன் வேடியப்பன் எழுந்து நிற்கிறான். இன்னாங்க இது என்றேன். "நீங்கதானமா சொன்னீங்க, நீராகாரம் மட்டும் குடுன்னு. அதான் குடுத்துக்கினு இருக்கேன், வேற ஒண்ணும் வாயில வெக்கல. வாந்தியா எடுக்குதேன்னு இன்னும் ஜாஸ்தியா குடுத்தேன்." சொல்பேச்சு கேட்ட பெருமை அவன் முகத்தில்.

அவள் காதோடு காதாகக் கேட்டேன், காத்து பிரிஞ்சிச்சாமா? டாக்டர் கேட்டபோது இல்லையென்று தலையாட்டியவள் சேலையால் வாயை மூடிக்கொள்கிறாள், "விடியகாலமே பிரிஞ்சிச்சிக்கா, ஆம்பளகிட்ட அத எப்பிடி சொல்றது." அடிப் பாவி, அந்த வெட்கத்துக்கு வயிற்றையே கிழிக்க இருந்தார்களே, காற்று பிரிந்தால் குடலில் வழி இருக்கிறது என்று அர்த்தம், அடைப்பும் இல்லை முறுக்கலும் இல்லை... நேராக டாக்டர் முன்னால் போய் நின்றேன், "சார், கத்தி வேணாம்." ஆறு வருஷத்தில் ஒரு டாக்டரிடம் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை, போணியை மேஜைமேல் வைத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார், வந்து அவள் வயிற்றில் காதுக்குழாய் வைத்து ரொம்ப நேரம் கேட்டார், தியேட்டர் வேணாம், சாயங்காலம்வரை பாக்கலாம் என்றார். கம்பவுண்டர் குனிந்து மாத்திரைகளை எண்ண ஆரம்பித்தார். மத்தியானம் தாண்டிவிட்டது, வாந்தி நின்று சாலம்மாள் வாயைப் பிளந்து தூங்குகிறாள், வார்டுக்குள் அம்மன் ஊர்வலம் போகிற மாதிரி நடக்கிறேன், நடக்கக்கூடாதா என்ன, இந்த ஆஸ்பத்திரியில் அந்த வாடையைக் கண்டுபிடிக்க வேறு யாரால் முடியும், அதைக் குடித்து வளர்ந்தவளுக்குத்தானே தெரியும்?

"நல்ல வேல செஞ்சீங்க விஜயலட்சுமி. நீராகாரம்னு அவங்களுக்கு யாரு சொன்னது?" என்று டாக்டர் கேஸ் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். நான்தான் சார் என்றேன், அப்போதும் தலை நிமிர்ந்துதான் இருந்தது... நர்சு பள்ளியில் அப்படித்தான் படித்தோம், நீராகாரம் என்றால் கஞ்சித்தெளிவு, இளநீர், தண்ணியாக எதுவும், அந்தப் பாடத்தைப் படித்த பிறகு எங்கள் வீட்டுப் பழைய சோற்றுத் தண்ணிக்கும் அதே பேர்தான் என்பது எனக்கு எப்படி மறந்தது? ஒவ்வொரு கட்டிலுக்கும் சொல்லியிருக்கிறேன், அழகாக, புத்தகத் தமிழில், ஆறு வருஷமாக. திருநாவலூர் பூமாலை நாலு நாள் வாந்தி எடுத்துத் தையல் பிரிந்து செத்துப்போனாளே, அதற்கு முன்னால் கொளஞ்சியப்பன், பேர் தெரியாத எத்தனை பேர், எல்லாருக்கும் மயக்க மருந்துதான் காரணம் என்று சொல்லி வாந்தியைத் துடைத்துவிட்டேன்... அவர்கள் கட்டிலுக்கடியில் நான் குனிந்து பார்க்கவே இல்லையே.