பஞ்சு மூட்டை

வெயில் ஏறினால் மண் இறுகிவிடும். அதற்குள் அரை ஏக்கர் மல்லாட்டைச் செடியை வேர்க்கடலையோடு பிடுங்கிப் போட வேண்டும். இருட்டு விலகுமுன்னே தொண்டூர்க் கொல்லையில் எட்டுப் பேர் குனிந்திருந்தோம். நான் பத்துச் செடிக்கு ஒரு தரம் நிமிர்ந்து மூச்சு வாங்கினேன், அம்மாக்கண்ணு அக்கா ஐந்து செடிக்கு ஒரு தரம். சிமெண்ட் ஷீட் கம்பெனியில் பதினான்கு வருஷம் உழைத்ததில் எங்களுக்கு மிஞ்சியது இந்த இளைப்புதான்.

ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் மூட்டையைப் பிரித்துக் கலவைத் தொட்டியில் கொட்டுவது எங்கள் வேலை. மூக்குக்கு ஒரு துணிகூடத் தந்ததில்லை. நுரையீரல் கெட்டுப்போன பதினோரு பேருக்குக் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று போன தை மாதம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அவர்களில் ஒருவரான அக்காவின் வீட்டுக்காரர் விநாயகம் அண்ணன் வாடகை ஆக்சிஜன் மெஷினில்தான் மூச்சு விடுகிறார். அந்தத் தீர்ப்பை நம்பித்தான் மெஷின்காரர் அதை இன்னும் எடுத்துப் போகவில்லை.

வரப்பில் போன் அடித்தது. வக்கீல் அனுஷா.

"மங்கை, தீர்ப்ப மறுபடியும் பரிசீலிக்கணும்னு கம்பெனி மனு போட்டிருக்குது. குறுக்கு விசாரணையில நீங்க இன்னா சொன்னீங்க, ஞாபகம் இருக்குதா?"

"உள்ளதத்தான் சொன்னேன். பஞ்சு மூட்டைய பிரிச்சிக் கொட்டுவேன்னு சொன்னேன்."

"அதப் புடிச்சிக்கினாங்க. பஞ்சுல வேலை செஞ்சவங்களுக்குக் கல்நார் நோய் எப்படி வரும்னு கேக்கறாங்க. அந்தப் பிரிவுக்குப் பஞ்சுக் கழிவு மட்டுந்தான் வந்துச்சின்னு சூப்பர்வைசர் சிவசங்கர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்காரு."

கல்நார் என்ற வார்த்தையையே நாங்கள் கோர்ட்டில்தான் முதன்முதலாகக் கேட்டோம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குச் சாக்கைக் கிழித்து, வெள்ளையாக ஒரு பிடி அள்ளிக் காட்டி, "பஞ்சுதான், சும்மா தொடுங்க" என்று சொல்லிக்கொடுத்தவர் இதே சிவசங்கர் அண்ணன். எங்கள் தெருக்காரர். அன்று முதல் அது பஞ்சு, நாங்கள் பஞ்சு செட்டு. அவர் வைத்த பேரைச் சொன்னதற்கு அவரே எங்களைப் பொய்க்காரிகள் ஆக்கிவிட்டார். ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்ற மனுஷன், பாவி.

பத்து மணிக்கு நானும் அக்காவும் செஞ்சி கடைவீதியில் இருக்கிற கம்பெனி ஆபீசுக்குப் போய் நின்றோம். முதலாளியின் மகன் பாலமுரளி உட்காரச் சொல்லவில்லை.

"கேஸு கோர்ட்டுல இருக்குது. இங்க வந்து இன்னா பேசறது?"

"அது பஞ்சு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றேன்.

"சொன்னது நீங்கதானேம்மா. உங்க வாயால வந்ததத்தான் எங்க வக்கீல் எழுதியிருக்காரு."

அம்மாக்கண்ணு அக்கா மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார். "அப்போ பஞ்சுலதான் ஷீட்டு செஞ்சி வித்தீங்களா சார்? ஊர்ல பாதி வீட்டு மேல அதான் கெடக்குது. மழையில ஊறித் தொங்கணுமே."

பாலமுரளியின் முகம் சுருங்கியது. "டென்ஷன் பண்ணாதீங்க. கேஸ வுட்டுடுங்க, ஆளுக்கு ஏதாவது பாத்துச் செய்றேன்."

"கோர்ட்டு குடுத்ததப் புடுங்கிக்கினு, நீங்க பாத்துச் செய்வீங்களா?" என்றார் அக்கா.

சிவசங்கர் அண்ணன் பீரோவை ஒட்டி நின்றிருந்தார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க, அது இன்னா?" என்று கேட்டேன்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் மங்கை" என்றார், தரையைப் பார்த்து. எனக்கு அழுகைதான் வந்தது.

கம்பெனிக்குள் பஞ்சு என்றால் கல்நார்தான் என்று இப்போது வேலை செய்கிறவர்கள் சாட்சி சொன்னால் மனு நிற்காது என்று போனில் சொன்னார் அனுஷா. ஆனால் சொல்கிறவர் வேலை போகும். எந்த முகத்தோடு கேட்பது? இருந்தும் இரண்டு மணிக்கு, ஷிப்ட் விடும் நேரத்தில் சாட்சித் தாளோடு கம்பெனி கேட் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னோம்.

கலவைத் தொட்டியில் வேலை செய்யும் குரு முன்னால் வந்தான். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. "இன்னிக்குக் கூட நாப்பது பஞ்சு மூட்ட கொட்டிட்டு வரேன். பேப்பரக் குடுக்கா."

"வேலை போயிடும்டா."

"விநாயகம் அண்ணன நேத்துதான் பாத்துட்டு வந்தேன். போனா போவட்டும்."

'நாங்கள் பஞ்சு என்று சொல்வது கல்நாரை' என்று எழுதிய தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். அவனுக்குப் பின்னால் அவனோடு வேலை செய்யும் எழில் போட்டான். கேட் வாட்ச்மேன் பேரைக் குறித்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டே பதினாறு பேர் போட்டார்கள்.

திங்கட்கிழமை விசாரணை. என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜெயசுதா வந்து நின்றாள். சிவசங்கர் அண்ணனின் பெண்டாட்டி. எங்களோடு பஞ்சு செட்டில் ஆறு வருஷம் இருந்தவள், புருஷனுக்காகக் கேஸில் சேராமல் ஒதுங்கியவள். பேச வாயெடுத்தவளுக்கு முதலில் இருமல்தான் வந்தது. அது அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் அதே சாக்கத்தான் கிழிச்சேன். அவரு எழுதிக் குடுத்தது பொய்யின்னு நானே வந்து சொல்றேன். திங்கக்கிழம பஸ்ஸுல எனக்கும் ஒரு எடம் போட்டு வை மங்கை."